காசு கொடுத்து வாங்கியதற்கும் பெயர் போட வேண்டுமா?

கேள்வி: அக்கா, நான் தாதியாக வேலை செய்கிறேன். வீடு சிங்கப்பூரின் யீஷூனில். நான்கு வருடமாக, பிள்ளைகள் தூங்கிய பிறகு டாஸ் ஸ்டுடியோ என்ற முப்பரிமாண மென்பொருளில் படம் செய்வதுதான் என் பொழுதுபோக்கு. பெரும்பாலும் பழைய தமிழ்நாட்டுக் காட்சிகள்: துறைமுகம், கோயில் மண்டபம், கூடை சுமக்கும் பெண்கள். உருவம், முடி, சேலை, மண்டபம் எல்லாம் இணையக் கடையில் வாங்கியவை. சில பொருட்கள் இலவசமாக இறக்கியவை. எங்கள் சமூக மன்றத்தின் நற்பணிச் செயற்குழு அடுத்த ஆண்டு நாட்காட்டிக்கு என் படம் ஒன்றைக் கேட்டிருக்கிறது. ஐந்து வெள்ளிக்கு விற்று நன்கொடை திரட்டுவார்களாம். படத்துக்குக் கீழே என் பெயர் மட்டும் வரும். "எல்லாம் ரெடிமேட்தானே, செய்தவர்கள் பெயரையும் போடு" என்கிறாள் தோழி. "காசு கொடுத்தாயிற்று, அப்புறம் எதற்குப் பெயர்?" என்கிறார் கணவர். அந்த ஒரு படத்தில் 37 பொருட்கள் இருக்கின்றன. ஒரு கல்தூணை யார் செய்தார் என்றே தெரியவில்லை. எல்லாரையும் போட்டால் 'என் படம்' என்று எதுவும் மிஞ்சாதோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?
யீஷூன் வாசகி

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிற பயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றக் கேள்விகளுக்கு விதிகளிலேயே பதில் இருக்கிறது. இதற்கு இல்லை.

நம் ஊரில் நீங்கள் எத்தனையோ பரதநாட்டிய அரங்கேற்றங்களுக்குப் போயிருப்பீர்கள். அழைப்பிதழைத் திறந்தால் நட்டுவாங்கம் யார், வாய்ப்பாட்டு யார், மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் யார் என்று வரிசையாக அச்சிட்டிருப்பார்கள். பல சமயம் ஒப்பனை, உடை, ஒளியமைப்பு, அறிவிப்பாளர் வரைக்கும் பெயர் இருக்கும். ஆடுகிற பெண் அந்த வர்ணத்தை இயற்றவில்லை, புடவையைத் தைக்கவில்லை, சலங்கையைக் கோக்கவில்லை. அத்தனை பெயரையும் படித்துவிட்டு அரங்கத்தில் உட்காருகிறவர் யாராவது, "அப்படியானால் இந்தப் பெண் என்னதான் செய்தாள்?" என்று கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அவளுடைய அரைமண்டியையும் அபிநயத்தையும்தான் பார்க்கிறோம். மற்றவர் வேலை எது என்று தெரிந்துவிட்டதால் அவள் வேலை எது என்பதும் தெளிவாகத் தெரிகிறது.

உங்கள் படத்திலும் அப்படித்தான். நானும் அந்த மென்பொருளில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். கடையில் வாங்கிய பெண் உருவம் கைகளை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, கண்ணில் உயிரில்லாமல்தான் வந்து நிற்கும். அவள் தலையில் கூடையை வைத்து, அந்தப் பாரத்துக்கு ஏற்றபடி இடுப்பைச் சாய்த்து, ஒரு கால் விரலை மணலில் அழுத்தி, விளக்கு எந்தப் பக்கத்திலிருந்து விழ வேண்டும் என்று நள்ளிரவு வரை மாற்றி மாற்றிப் பார்த்தது நீங்கள். எந்த இடத்திலிருந்து பார்த்தால் கதை தெரியும் என்று கேமராவை வைத்ததும் நீங்கள்தான். ஆகவே பெயர் போடும்போது உங்கள் வேலையையும் எழுதுங்கள்: "காட்சி அமைப்பு, உடல் நிலைகள், ஒளியமைப்பு, ரெண்டர், நிறச் சீரமைப்பு" என்று உங்கள் பெயருக்கு எதிரே வரட்டும் (அமைத்த காட்சியைக் கணினி முழுப் படமாக்கித் தருவதுதான் ரெண்டர்). அடுத்த வரியில் "பயன்படுத்திய மாடல்கள்" என்று, அந்த உருவங்களையும் பொருட்களையும் செய்த மற்றவர்கள் வரட்டும். வெறுமனே "படம்: இன்னார்" என்று போட்டால்தான் பார்க்கிறவருக்குக் குழப்பம். விவரம் தெரிந்தவர் உங்கள் உழைப்பையும் சேர்த்துச் சந்தேகப்படுவார், தெரியாதவர் சேலை மடிப்பைக் கூட நீங்களே செதுக்கியதாக நினைத்துக்கொள்வார். இரண்டுமே உண்மை இல்லை.

கணினி வரைகலையில் ஆயத்தப் பொருள் என்பது நேற்று வந்ததும் இல்லை, கேவலமானதும் இல்லை. 1975ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் என்ற ஆய்வாளர் தன் வீட்டுத் தேநீர்க் கெண்டியைக் கணினி மாடலாக்கினார். எதை மாடலாக்கலாம் என்று யோசித்தபோது கெண்டியைச் சொன்னவர் அவர் மனைவி சாண்ட்ரா. அந்த மாடலை ஐம்பது வருடமாக ஆராய்ச்சியாளர்களும் மாணவர்களும் எடுத்து எடுத்துத் தங்கள் ஒளி, நிழல், பளபளப்புச் சோதனைகளுக்குப் பயன்படுத்தி வருகிறார்கள். அசல் கெண்டி இப்போது கலிபோர்னியாவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தியவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் ஆய்வுக்குத் தாங்களே பெயர் வாங்கினார்கள், கெண்டியின் பெயர் நியூவெல்லிடமே இருக்கிறது. யாருக்கும் எதுவும் குறைந்துபோகவில்லை.

சரி, உங்கள் கணவர் சொல்வதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி சரி. நீங்கள் கொடுத்த காசு அனுமதிக்கான காசு. டாஸ் கடையின் பொது லைசென்ஸ்படி, வாங்கிய மாடலை வைத்து ரெண்டர் செய்யலாம், அந்தப் படத்தை விற்கவும் செய்யலாம். மாடல் கோப்பையே இன்னொருவருக்குக் கொடுக்கத்தான் கூடாது. படத்தில் செய்தவர் பெயரைப் போட வேண்டும் என்று அந்த லைசென்ஸ் கேட்பதில்லை. அதுவரை அவர் சொல்வது சரிதான். ஆனால் அந்தக் காசுக்கு "இதைச் செய்தவர் நான்" என்று நினைக்கவைக்கும் உரிமை வரவில்லை. தேக்காவில் பூக்கடைக்காரரிடம் மாலை வாங்கிக் கல்யாணத்துக்குப் போடுகிறோம். மாலை நம்முடையது. "யார் கட்டியது, இவ்வளவு நெருக்கமாக இருக்கிறதே?" என்று ஒருவர் கேட்டால் "நான்தான்" என்று சொல்வோமா? கடைப் பெயரைத்தானே சொல்வோம்.

நம் நாட்டுச் சட்டமும் இதில் பேசுகிறது. பொழுதுபோக்காகப் படம் செய்கிற பலருக்கு இது தெரியாததால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கு முன்பு இருந்த 1987 சட்டத்தில், தவறான ஆளைப் படைப்பாளி என்று காட்டக் கூடாது என்ற பாதுகாப்பு மட்டும்தான் இருந்தது. பெயரே போடாமல் விட்டால் கேட்க வழியில்லை. புதிய சட்டம் படைப்பாளிக்கு அடையாளம் காட்டப்படும் உரிமையைக் கொடுத்தது. ஒருவரின் படைப்பைப் பொதுவில் பயன்படுத்தினால், அவர் யார் என்பதைத் தெளிவாகவும் ஓரளவு கண்ணில் படும்படியும் சொல்ல வேண்டும். பதிப்புரிமையை வேறு யாருக்காவது விற்றுவிட்டாலும் இந்த உரிமை படைப்பாளியை விட்டுப் போகாது. வேண்டாம் என்றால் அவரே எழுத்தில் விட்டுக்கொடுக்கலாம். தவறான பெயர் போடக் கூடாது என்ற பழைய பாதுகாப்பும் அப்படியே இருக்கிறது.

கடை பெயர் கேட்கவில்லை, சட்டம் கேட்கிறது. ஒரு குறிப்பிட்ட லைசென்ஸில் எது மேலோங்கும் என்று வாதாடுவது வழக்கறிஞர் வேலை. எனக்கு அந்தக் கேள்வி இதுவரை தேவைப்பட்டதே இல்லை. பெயர் போட்டுவிடுகிறேன், விஷயம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

இலவசமாக இறக்கியவற்றில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். நம்மில் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறோம். காசு கொடுத்ததற்கு மரியாதை, இலவசத்துக்கு எதுவும் தேவையில்லை என்று நினைக்கிறோம். உண்மையில் இலவசப் பொருட்களில்தான் நிபந்தனை அதிகம். ஸ்கெட்ச்ஃபேப் போன்ற இணையதளங்களில் இறக்கும் மாடல்கள் பல, கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது அனுமதி லைசென்ஸில் வருகின்றன. அதில் 'பை' (BY) என்று இருந்தால் செய்தவர் பெயர் போடுவது கட்டாயம், அந்தப் பெயர்தான் நீங்கள் கொடுக்கும் விலை. பெயர், எங்கே எடுத்தது, எந்த லைசென்ஸ், நீங்கள் ஏதாவது மாற்றியிருந்தால் மாற்றியது, இவ்வளவும் சொல்ல வேண்டும். 'என்சி' (NC) என்று சேர்ந்திருந்தால் வணிகப் பயன்பாடு கூடாது. 'என்டி' (ND) என்றால் மாற்றியதை வெளியிடக் கூடாது. பாலி ஹேவன் (Poly Haven) போன்ற தளங்களில் எல்லாமே சிசி ஜீரோ (CC0), எந்த நிபந்தனையும் இல்லை. அங்கேயும் பொருளின் பக்கத்தில் செய்தவர் பெயர் இருக்கிறது, நான் அதைக் குறித்துவைத்துக்கொள்வேன்.

உங்கள் நாட்காட்டிக்கு இந்த 'என்சி' முக்கியம். ஐந்து வெள்ளிக்கு விற்கிறார்கள். நன்கொடைக்குத்தானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் அந்த லைசென்ஸ் கேட்பது, பயன்பாடு முதன்மையாகப் பணம் ஈட்டுவதை நோக்கியதா என்பதைத்தான். பணம் எங்கே போகிறது என்பதைப் பற்றி அதில் பேச்சே இல்லை. வாதாடிப் பார்க்கலாம், நான் வாதாட மாட்டேன். 37 பொருளில் 'என்சி' ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் செய்தவருக்கு நான்கு வரி எழுதுங்கள்: இன்ன நாட்காட்டி, இத்தனை பிரதி, இன்ன நோக்கம், உங்கள் பெயர் கடைசிப் பக்கத்தில் வரும், அனுமதிப்பீர்களா? என் அனுபவத்தில் பாதிப் பேருக்கு மேல் சந்தோஷமாகச் சரி என்பார்கள். அச்சான பிரதியைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. பதில் வராவிட்டால் அந்தப் பொருளை மாற்றிவிடுங்கள். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெயர் விஷயத்தில் நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் என் அம்மா வீட்டுக் குத்துவிளக்கை அளந்து மாடலாக்கினேன். மூன்று வாரம் ஆனது. விளக்கின் அடித்தட்டில் ஒரு சின்ன நசுங்கல் உண்டு, அம்மாவின் கல்யாணச் சீரோடு கப்பலில் வந்தபோது ஏற்பட்டதாம். அதையும் அப்படியே வைத்தேன். பெயர் மட்டும் போட்டால் போதும் என்று இலவசமாக வெளியிட்டேன். ஒரு தீபாவளி சமயத்தில், ஒரு நிகழ்ச்சிக்கான பெரிய விளம்பரப் பதாகையில் அந்த விளக்கைப் பார்த்தேன். நசுங்கலோடு. முதலில் வந்தது சந்தோஷம்தான், அம்மாவை அழைத்துவந்து காட்ட வேண்டும் போல இருந்தது. பிறகு பதாகையின் கீழே சின்ன எழுத்தையெல்லாம் தேடினேன். அச்சிட்டவர், வடிவமைத்தவர், ஆதரவாளர்கள் எல்லார் பெயரும் இருந்தது. கேட்டு எழுதியபோது, "இலவசமாகத்தானே கொடுத்திருந்தீர்கள்" என்று பதில் வந்தது. நான் பணம் கேட்கவே இல்லை. அம்மா வீட்டு விளக்கு என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன். மாடல் செய்கிறவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போலவே வேலை முடிந்து இரவில் உட்கார்ந்து செய்கிறவர்கள். உங்கள் படத்தில் சேலை செய்தவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ, அவருக்கும் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுத்தான் நேரம் கிடைத்திருக்கும்.

அந்தத் தூணுக்கு வருவோம். முதலில் தேடுங்கள். டாஸ் நூலகத்துக்குள் ரீட்மீ எனப்படும் குறிப்புக் கோப்புகளுக்கென்று தனி அடைவு இருக்கும், பலர் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். இறக்கிய ஜிப் கோப்பு பழைய வட்டில் இருந்தால் அதையும் பிரித்துப் பாருங்கள். மாடல் கோப்பின் பெயரையும், அதன் மேற்பரப்புக்கான டெக்ஸ்ச்சர் படக் கோப்புகளின் பெயரையும் அப்படியே தேடுபொறியில் போடுங்கள். டெக்ஸ்ச்சர் கோப்பின் பெயரில் செய்தவரின் சுருக்கப் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது வழக்கம். தூணை மட்டும் தனியாக ரெண்டர் செய்து படத்தைக் கொண்டு தேடிப் பார்ப்பதும் சில நேரம் கைகொடுக்கும்.

அப்படியும் கிடைக்காவிட்டால்? நம் குறுந்தொகையைத் தொகுத்தவர்களுக்கும் இதே சிக்கல் வந்தது. சில பாடல்களுக்குப் புலவர் பெயர் கிடைக்கவில்லை. அவர்கள் இடத்தை வெறுமனே விடவில்லை, வேறு யார் பெயரையும் ஒட்டவும் இல்லை. அணில் ஆடும் முற்றத்தைப் பாடியவரை அணிலாடு முன்றிலார் என்றார்கள். செம்மண்ணில் பெய்த மழைநீரைப் பாடியவரைச் செம்புலப்பெயனீரார் என்றார்கள். பெயர் தெரியாவிட்டாலும் இதைச் செய்த ஒருவர் இருந்தார் என்பதை விட்டுவிடவில்லை. எனக்கு இது எப்போது நினைத்தாலும் நெகிழ்ச்சியாக இருக்கும். நீங்கள் ஏற்கெனவே நண்பர்களுக்குக் காட்டியிருக்கும் படங்களில் அப்படியே செய்யுங்கள்: "கல்தூண் மாடல்: செய்தவர் பெயர் கிடைக்கவில்லை, இலவசமாக இறக்கியது, தெரிந்தவர் சொன்னால் சேர்ப்பேன்" என்று ஒரு வரி.

ஆனால் நாட்காட்டியில் அந்தத் தூண் வேண்டாம். பெயர் சொல்வது வேறு, அனுமதி பெறுவது வேறு. யார் செய்தது, எந்த லைசென்ஸ் என்றே தெரியாத பொருளை விற்பனைக்கு வைக்கும் அச்சில் போட உங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று சொல்ல முடியாது. தூண் எளிய வடிவம்தான். மாடல் செய்ய உதவும் பிளெண்டர் மென்பொருள் இலவசம், ஒரு சனி ஞாயிறு உட்கார்ந்தால் நீங்களே ஒன்று செய்துவிடலாம். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போனால் பார்த்துச் செய்ய எத்தனை தூண் வேண்டும்? அப்புறம் அந்த வரிசையில் உங்கள் பெயரும் ஒரு மாடலுக்கு எதிரே வரும்.

அடுத்து, 37 பெயரை எங்கே போடுவது? படத்துக்குக் கீழே எல்லாவற்றையும் போட்டால் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடும், யாரும் படிக்க மாட்டார்கள். நான் செய்வது இது: படத்துக்குக் கீழே, பார்வை போய் நிற்கிற நான்கைந்து பொருளைச் செய்தவர்கள். உங்கள் படத்தில் முகமும் தோலும், சேலை, முடி, மண்டபம். மற்றவை நாட்காட்டியின் கடைசிப் பக்கத்தில், இடம் போதாவிட்டால் ஒரு கியூஆர் குறியீட்டின் பின்னால். ஆனால் பெயர் போடுவதை நிபந்தனையாக வைத்திருக்கும் பொருள் எவ்வளவு சின்னதாக இருந்தாலும், மூலையில் கிடக்கும் மண்பானையாகவே இருந்தாலும், அது அச்சிலேயே வந்துவிட வேண்டும் என்பது என் பழக்கம். காசு கொடுத்து வாங்கிய உடல் நிலைத் தொகுப்பு, ஒளித் தொகுப்பு இவற்றை நீங்கள் அப்படியே பயன்படுத்தியிருந்தால் அவையும் பட்டியலில் சேரும். தொடக்கமாக வைத்துக்கொண்டு முழுக்க மாற்றியிருந்தால் விட்டுவிடலாம் என்று நான் நினைக்கிறேன். இதில் வேறு கருத்து உள்ள நண்பர்கள் எனக்கு உண்டு.

பெயரை மாடல் செய்தவர் எப்படி எழுதுகிறாரோ அப்படியே எழுதுங்கள். புனைபெயர் என்றால் புனைபெயர், ஆங்கில எழுத்தென்றால் ஆங்கில எழுத்து. நாம் தமிழில் ஒலிபெயர்த்தால் அவரைத் தேடிப் போகிறவருக்குக் கிடைக்க மாட்டார். கடையின் பெயரை மட்டும் போட்டு முடித்துக்கொள்ளாதீர்கள், கடை செய்யவில்லை, கடையில் வைத்தவர் செய்தார். வாங்கிய பொருளின் பக்கத்திலேயே அவர் பெயர் இருக்கும், உங்கள் கணக்கில் வாங்கியவை எல்லாம் வரிசையாக இருக்கும். 37ஐயும் எடுத்து எழுத ஒரு மாலை ஆகும். இனிமேல் புதுக் காட்சி தொடங்கும்போதே ஒரு குறிப்புக் கோப்பு திறந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பொருளைச் சேர்க்கும்போதும் பெயர், இடம், லைசென்ஸ், தேதி. இலவசமாக இறக்கினால் அந்தப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துவிடுங்கள், ஏனென்றால் பக்கங்கள் காணாமல் போகும்.

ஏற்கெனவே விட்டுப்போனதை நினைத்துக் குற்ற உணர்ச்சி வேண்டாம். 2013ல் வந்த கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 லைசென்ஸிலேயே இதற்கு வழி வைத்திருக்கிறார்கள்: தவறு தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால் இழந்த அனுமதி தானாகத் திரும்பிவிடும். உங்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது, அந்த நாட்களை வீணாக்காதீர்கள்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். நாட்காட்டியில் தமிழ் எழுத்துருவை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? ஐபோனில் நாம் நாள் முழுக்கப் படிக்கும் தமிழ்ச் சங்கம் எம்என் எழுத்துருவின் 'எம்என்' என்பது மலேசியாவின் முத்து நெடுமாறன். கையில் வைத்துக்கொண்டே இருக்கிறோம், எத்தனை பேருக்கு அந்த இரண்டு எழுத்து யாரென்று தெரியும்? எழுத்துருவுக்குப் பெயர் போடுவது படங்களில் வழக்கமில்லை. ஆனாலும் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தால் எனக்குப் பிடிக்கும்.

இந்த வாரமே செயற்குழுவில் வடிவமைப்பைப் பார்த்துக்கொள்கிறவரை அழைத்துப் பேசுங்கள். படத்துக்குக் கீழே இரண்டு வரியும் கடைசிப் பக்கத்தில் கால் பக்கமும் வேண்டும் என்று இப்போதே கேட்டால் கொடுப்பார்கள், அச்சுக்குப் போன பிறகு கேட்டால் அவர்களால் முடியாது. உங்கள் வரிகளைத் தட்டச்சு செய்து, எழுத்துப்பிழை பார்த்து, படத்தோடு ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். தூணை மாற்றி மறுபடி ரெண்டர் செய்த படத்தையே அனுப்ப மறந்துவிடாதீர்கள்.

அன்புடன்,
அக்கா